ஓமந்தூர் தந்த உழவர் முதல்வர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. தாவரவியல்)

நாட்டை ஆண்டவர் பலர். அவருள் நெடுங்காலம் ஆண்டதால் பெயர் பெற்றோர் சிலர். குறுகிய காலமே ஆண்டு, அதற்குள் செய்த செயலால் நிலைத்த பெயர் பெற்றோர் மிகச் சிலர். அம்மிகச் சிலருள் ஒருவர் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார். அவர் சென்னை மாகாணத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றது 1947 மார்ச் 23. அதை விட்டு இறங்கியது 1949 ஏப்ரல் 6. ஆக, இரண்டு ஆண்டுகளும் இரண்டு வாரங்களுமே அவர் ஆண்ட காலம். அக்காலத்திற்குள் கோயிலில் யார் நுழையலாம், நிலம் யாருக்குரியது, கல்லூரியில் யாருக்கு இடம், கவிஞனின் பாட்டு யார் சொத்து என்னும் நான்கு கேள்விகளுக்கு அவர் அரசு விடை சொல்லியது. அவ்விடைகளின் பயனை அவர் பெயரே அறியாதோரும் இன்று துய்த்து வருகின்றனர்.

நம் புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் செல்லும் பேருந்தில் ஏறினால், திண்டிவனத்தை அடையுமுன் வழியில் ஓமந்தூர் வரும். அங்கே அவர் நினைவாக மணிமண்டபம் ஒன்றும் உண்டு. சன்னலோரம் அமர்ந்து செல்வோருள் பலர் அவ்வூர்ப் பெயர்ப் பலகையைப் பார்த்தும் பாராமலுமே கடந்து போகின்றனர். சென்னைக்குச் சென்றால் அண்ணா சாலையில் ஓமந்தூரார் அரசினர் தோட்டம் என்ற பெயரையும், அங்குள்ள அரசு பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையையும் காண்கிறோம். பெயர் நாவில் நிற்கிறது. பெயருக்குரியவர் யார் என்பது மட்டும் மறந்து வருகிறது. ஆகவே அவர் வரலாற்றை மாணவர் உலகத்திற்கு நினைவூட்டுவது கடமை எனக் கருதி இக்கட்டுரையை எழுதலானேன்.

பிறந்த மண்

1895-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் ஓமந்தூரில் ஓர் உழவர் குடும்பத்தில் இராமசாமி பிறந்தார். அக்காலத்தில் அவ்வூர் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. இன்று விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது. ஆறு பாய்ந்து முப்போகம் விளையும் பூமி அன்று அது. வானம் பார்த்த மேட்டு நிலத்தில் மணிலாவும் கம்பும் கேழ்வரகும், ஏரி நிறைந்தால் நெல்லும் என்பதே அப்பகுதி வேளாண்மை. மழை பொய்த்தால் கடன். மழை மிகுந்தால் உடைப்பு. விதைப்பவன் கையில் முயற்சி உண்டு, முடிவு இல்லை என்பதை அம்மண்ணில் பிறந்த பிள்ளை எவரும் சொல்லாமலே கற்றுக்கொள்ளும்.

அந்நாளில் எல்லைக்கு இப்புறம் பிரெஞ்சு ஆட்சி. அப்புறம் ஆங்கில ஆட்சி. ஆயினும் வண்டிப் பாதை ஒன்றுதான். தென்னார்க்காட்டில் விளைந்த மணிலாக் கொட்டை புதுவைத் துறைமுகத்திற்கு வந்து, கப்பலேறி, பிரான்சு நாட்டு எண்ணெய் ஆலைகளுக்குச் சென்றது. ஓமந்தூர்ப் பக்கத்து உழவருக்குப் புதுவை அயல்நாடாகத் தோன்றியிராது. அது ஒரு நாள் வண்டிப் பயணத்தில் அடையும் சந்தை. அதனால் அவரை வேற்றூர்த் தலைவராக எண்ணாமல் நம் பக்கத்து ஊர்ப் பெரியவராகவே நாம் எண்ணலாம்.

இராமசாமியின் படிப்பு திண்டிவனத்துப் பள்ளியில் நடந்தது. அவரைப் பின்னாளில் உயர்த்தியது ஏட்டுக் கல்வி அன்று. நிலத்தையும் நீரையும் ஆளையும் மாட்டையும் வைத்து ஒரு குடும்பத்தை நடத்தும் உழவனுக்குரிய கணக்கறிவும் பொறுமையுமே அவருடைய முதல். இராசாசி வழக்கறிஞர், பிரகாசம் பாரிஸ்டர். சட்டம் பயின்றோரே தலைமைக்கு உரியோர் என்று நாடு நம்பிய காலத்தில், உழவர் ஒருவர் அவர்கள் இருந்த நாற்காலிக்கு வந்தார் என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

விடுதலைப் போரில்

காந்தியடிகளின் அழைப்பு நகரங்களோடு நின்றிருந்தால் இந்திய விடுதலை இயக்கம் படித்தோர் சங்கமாகவே முடிந்திருக்கும். அவ்வழைப்பைச் சிற்றூருக்குக் கொண்டு சென்று, களத்து மேட்டிலும் ஏரிக்கரையிலும் பேசியவர்களால்தான் அது மக்கள் இயக்கமாயிற்று. தென்னார்க்காடு மாவட்டத்தில் அப்பணியைச் செய்த முன்னணித் தலைவருள் இராமசாமி ரெட்டியார் ஒருவர். கதர் உடுத்தினார், தீண்டாமையை எதிர்த்தார், சிறை சென்றார். மேடை முழங்கும் பேச்சாளர் என்று அவருக்குப் பெயரில்லை. சொன்னதைச் செய்பவர், செய்யாததைச் சொல்லாதவர் என்ற பெயரே இருந்தது.

இறைப்பற்று மிக்கவர் அவர். திருவண்ணாமலை இரமண மகரிசியிடத்தும், வடலூர் வள்ளலாரிடத்தும் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்தார். ஒருவர் மௌனத்தைப் போதித்தவர். மற்றவர் பசிப்பிணி தீர்த்தலையே வழிபாடாகக் கொண்டவர். இவ்விரண்டும் அவர் வாழ்க்கையில் இருந்தன என்பதை அவருடைய பிற்கால வரலாறு காட்டும்.

ஆட்சிப் பொறுப்பு

அன்றைய சென்னை மாகாணம் இன்றைய தமிழ்நாடு மட்டும் அன்று. வடக்கே ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களும் இராயலசீமையும், மேற்கே மலபாரும் தென்கன்னடமும் அதில் அடங்கியிருந்தன. நான்கு மொழியினர் வாழ்ந்த பெரும் பரப்பு அது. 1946-இல் அதன் தலைமையை ஏற்ற ஆந்திர கேசரி பிரகாசம், காங்கிரஸ் சட்டமன்றக் கட்சியின் உட்பூசலால் ஓராண்டு நிறையுமுன் பதவி இழந்தார். அடுத்து யார் என்ற கேள்வி எழுந்தபோது, தமிழ்நாட்டுக் காங்கிரசின் தலைவராயிருந்த காமராசரின் ஆதரவோடு ஓமந்தூரார் தலைவரானார். அக்காலத்தில் அப்பதவிக்கு மாகாணப் பிரதம மந்திரி என்று பெயர். முதலமைச்சர் என்னும் பெயர் 1950-இல் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபின் வந்தது.

அவர் பொறுப்பேற்ற ஐந்தாம் மாதத்தில் நாடு விடுதலை பெற்றது. 1947 ஆகஸ்ட் 15 அன்று ஓமந்தூரில் மூவண்ணக் கொடி பறந்தபோது, சில கல் தொலைவில் இருந்த நம் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடியே பறந்து கொண்டிருந்தது. நமக்கு அந்த நாள் வருவதற்கு 1954 நவம்பர் முதல் நாள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சட்டப்படியான இணைப்போ 1962 ஆகஸ்ட் 16-இல்தான் நிறைவேறியது. ஆகவே ஓமந்தூரார் இயற்றிய சட்டம் எதுவும் அன்று நம்மை ஆளவில்லை. எனினும் அச்சட்டங்களுள் சிலவற்றின் பயன் வேறு வழியாக நம்மையும் வந்தடைந்தது. அதைப் பின்னே காண்போம்.

ஆட்சியில் அவர் கடைப்பிடித்த முறை உழவருக்கு எளிதில் விளங்கும். ஏரி நீரை முறை வைத்துப் பாய்ச்சும் ஊரில், மதகுக்குப் பொறுப்பானவன் உறவினர் வயலுக்கு ஒரு நாழிகை கூடுதலாகத் திருப்பினாலும் கடைமடை காய்ந்து போகும். அரசு அலுவலில் சிபாரிசு என்பதும் அப்படித்தான். ஒருவருக்குச் சலுகை என்றால் கேட்க நாதியற்ற மற்றொருவருக்கு இழப்பு. தம் கட்சியினரே சிபாரிசோடு வந்தாலும் அவர் இணங்கவில்லை. சட்டமன்ற உறுப்பினர்கள் மாவட்ட அதிகாரிகளின் அன்றாட அலுவலில் தலையிடுவதையும் அவர் ஏற்கவில்லை. இந்த உறுதியே அவருக்குப் புகழைத் தந்தது. இதுவே அவர் பதவியையும் பறித்தது.

கோயிலும் பெண்மையும்

கோயில் நுழைவுக்கான போராட்டம் நீண்டது. 1936-இல் திருவிதாங்கூர் மன்னர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்டார். 1939-இல் வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தனர். அவ்வாண்டு இராசாசி அரசு கொண்டு வந்த சட்டம், தாமாக முன்வந்து கோயிலைத் திறந்துவிடும் அறங்காவலருக்குப் பாதுகாப்பு அளித்தது. திறக்க மனமில்லாதவர் கோயிலோ மூடியே கிடந்தது. 1947-இல் ஓமந்தூரார் காலத்தில் வந்த ஆலயப் பிரவேச அனுமதிச் சட்டம் அந்நிலையை மாற்றியது. மற்ற இந்துக்களைப் போலவே தாழ்த்தப்பட்டோரும் எந்தக் கோயிலிலும் நுழைந்து வழிபடலாம் என்பதை அது சட்ட உரிமையாக்கியது. தடுப்பவரே குற்றவாளி ஆயினர். முன்பு தர்மகர்த்தாவின் கருணையாக இருந்தது இப்போது வழிபடுவோனின் உரிமை ஆயிற்று. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று.

அதே ஆண்டில் தேவதாசி முறையும் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கத்தை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-லேயே மசோதா கொண்டு வந்தார். பதினேழு ஆண்டுகள் இழுபட்ட அம்முயற்சி ஓமந்தூரார் ஆட்சியில் நிறைவேறியது.

கோயில், மடங்களின் சொத்துக்கு அரசு மேற்பார்வையை வலுப்படுத்தும் முயற்சியும் அவர் காலத்தில் உருவாயிற்று. அவருக்குப் பின் 1951-இல் அது இந்து சமய அறநிலையச் சட்டமாக நிறைவேறியது. பழமை விரும்பிகள் இதனால் சினந்தனர். நாத்திகர் ஒருவர் இதைச் செய்திருந்தால் வியப்பில்லை. நாள்தோறும் இறைவனை நினைந்து வாழ்ந்த ஒருவர் செய்தார். இறைவன் சொத்துக்குக் கணக்குக் கேட்பது இறைப்பற்றுக்கு மாறானது என்று அவர் எண்ணவில்லை.

சமீன் ஒழிப்பு

உழவர் ஒருவர் ஆட்சிக்கு வந்ததன் பொருள் முழுமையாக விளங்குவது நிலச் சட்டத்தில்தான். மாகாணத்தில் அன்று இருவகை நிலமுறை இருந்தது. ஒன்று தாமஸ் மன்றோ பெயரோடு இணைத்துச் சொல்லப்படும் இரயத்துவாரி முறை; இதில் உழவன் நேரே அரசுக்கு வரி செலுத்துவான், பட்டா அவன் பெயரில் இருக்கும். மற்றொன்று 1802-இல் சட்டமான நிரந்தர நிலவரி முறை. அதில் அரசுக்கும் உழவனுக்கும் நடுவே சமீன்தார் இருப்பார். அவர் அரசுக்குச் செலுத்தும் பேஷ்குஷ் தொகை என்றும் மாறாதது. உழவனிடம் அவர் வாங்கும் வாரமோ அதனினும் பன்மடங்கு. இரண்டிற்கும் இடையே உள்ள தொகை சமீன்தார் மாளிகைக்குப் போயிற்று. தெற்கே இராமநாதபுரம், சிவகங்கை முதலிய சமீன்களும், வடக்கே ஆந்திர மாவட்டங்களின் பெரும் சமீன்களும் இவ்வகையின.

ஓமந்தூரார் அரசு இதை இரண்டு படியாகச் செய்தது. முதற்படி 1947-ஆம் ஆண்டின் வாரக் குறைப்புச் சட்டம். பக்கத்து இரயத்துவாரிக் கிராமத்தில் அதே வகை நிலத்திற்கு என்ன வரியோ அந்த அளவிற்குச் சமீன் வாரத்தை இறக்க வேண்டும் என்றது அது. இரண்டாம் படி 1948-ஆம் ஆண்டின் சமீன் ஒழிப்புச் சட்டம். சமீன் முழுவதும், அதில் அடங்கிய காடும் ஏரியும் புறம்போக்கும் உட்பட, அரசைச் சேர்ந்தன. உழுதுவந்த குடிகளுக்கு இரயத்துவாரிப் பட்டா வழங்க வழி பிறந்தது. சமீன்தாருக்கு நட்டஈடு உண்டு. ஆனால் பெரிய சமீனுக்குக் குறைந்த மடங்கும் சிறிய சமீனுக்குக் கூடிய மடங்குமாக அது வகுக்கப்பட்டது. நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வேரூன்றிய ஒரு முறை, விடுதலை பெற்ற ஓராண்டிலேயே சட்டத்தின் முன் வீழ்ந்தது.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். சமீன்தாரின் சொந்தப் பண்ணை நிலம் அவரிடமே நிற்க வழியிருந்தது. பட்டா பெற்ற குடியானவனிடம் குத்தகைக்கு உழுதவனுக்கும், நாற்று நட்டுக் களை பறித்த கூலியாளுக்கும் இச்சட்டம் நிலம் தரவில்லை. நில உச்சவரம்பு பற்றிய சட்டம் தமிழ்நாட்டில் வர 1961 ஆயிற்று. என் தந்தையார் குத்தகை நிலத்தில் பயிரிடுபவர். ஒவ்வொரு அறுவடையின்போதும் நெல் அளந்து போட்டது போக எஞ்சுவதைப் பார்க்கும் வீட்டில் வளர்ந்தவன் ஆதலால், பட்டா என்னும் ஒரு காகிதத்தின் எடை எனக்குத் தெரியும். அக்காகிதத்தைப் பல குடும்பங்களுக்குக் கிடைக்கச் செய்தவரை நான் வணங்குகிறேன். அது சென்று சேராத குடும்பங்களையும் மறக்க முடியவில்லை.

கல்வியில் பங்கு

சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி உரிமை நீதிக்கட்சி ஆட்சியில் பிறந்தது. பழைய ஆணைப்படி பன்னிரண்டு இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர், முகம்மதியர், கிறித்தவரும் ஆங்கிலோ இந்தியரும் ஆகியோருக்கு ஒவ்வொரு பிரிவுக்கும் 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1 என்று பங்கிடப்பட்டது. இதில் ஒரு குறை இருந்தது. பிராமணரல்லாதார் என்ற ஒரே பிரிவுக்குள் செல்வாக்கு மிக்க வகுப்பாரும் எழுத்தறியாத வகுப்பாரும் சேர்ந்தே நின்றனர். பந்தியில் முந்தியவர்க்கு இலை, பிந்தியவர்க்குக் காத்திருப்பு.

ஓமந்தூரார் அரசு 1947-இல் அந்த ஆணையைத் திருத்தியது. இடங்கள் பதினான்காக வகுக்கப்பட்டன. பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பின்தங்கிய இந்துக்களுக்குத் தனியாக 2, பிராமணருக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் கிறித்தவரும் சேர்ந்து 1, முகம்மதியருக்கு 1. பின்தங்கியோர் எனத் தனிப் பங்கு ஒதுக்கப்பட்டதே இதன் சிறப்பு. பதினான்கில் இரண்டு என்பது எண்ணிக்கையில் சிறிது. ஆனால் அதுவரை பட்டியலிலேயே இடம் பெறாதவர்க்கு அது முதல் வரி.

இவ்வாணையால் எதிர்ப்பும் ஏளனமும் வந்தன. பெரியாரின் பெயரும் இராமசாமி, இவர் பெயரும் இராமசாமி; ஆதலால் இவரைத் தாடியில்லாத இராமசாமி என்று எதிர்ப்பாளர் எள்ளினர். அவர் ஆணையைத் திரும்பப் பெறவில்லை. பின்னர் செண்பகம் துரைராசன் வழக்கில் 1951-இல் உச்ச நீதிமன்றம், கல்லூரி இடங்களை அவ்வாறு பங்கிடுவது அரசியலமைப்புக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது. தமிழகம் கொதித்தெழுந்தது. அதன் விளைவாக அதே ஆண்டு ஜூன் மாதத்தில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து, கல்வியில் பின்தங்கியோர்க்குத் தனி ஏற்பாடு செய்ய அரசுக்கு அதிகாரம் தரும் 15(4) என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது.

முன்னே சொன்ன வேறு வழி இதுதான். ஓமந்தூராரின் ஆணை அன்று புதுவை எல்லையோடு நின்றது. அந்த ஆணை வீழ்ந்ததால் பிறந்த திருத்தமோ இந்தியா முழுவதற்கும் உரியது. நம் புதுச்சேரிக்கும் உரியது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். நம் வகுப்பறைகளில் என்னைப் போன்றோர் பலர் உண்டு. நாம் உட்கார்ந்திருக்கும் பலகைக்கும், ஓமந்தூர் உழவர் ஒருவர் 1947-இல் போட்ட கையெழுத்துக்கும் தொடர்பு உண்டு என்று சொன்னால் அது மிகையாகாது.

பாட்டுக்கு விடுதலை

புதுவை மாணவர் சிறப்பாக நினைக்க வேண்டிய செயல் ஒன்று உண்டு. பாரதியார் 1908 முதல் 1918 வரை நம் நகரத்தில் வாழ்ந்தவர். அவருடைய சிறந்த படைப்புகளுட் பல இங்கே பிறந்தவை. 1921-இல் அவர் மறைந்தபின் அவர் பாடல்கள் தனியார் உரிமையாயின. அச்சிடும் உரிமை ஓரிடம். ஒலிபரப்பவும் திரைப்படத்தில் பாடவுமான உரிமை மற்றோரிடம். நாட்டுக்காகப் பாடிய கவிஞனின் பாடலை நாட்டார் பாடுவதற்கு ஒருவரிடம் இசைவு கேட்க வேண்டியிருந்தது. அறிஞரும் கலைஞரும் இதை எதிர்த்துக் குரல் எழுப்பினர். 1949-இல் சென்னை அரசு அவ்வுரிமையைத் தன்வசம் கொண்டுவந்தது. திரைப்பட உரிமையை வைத்திருந்த ஏவி. மெய்யப்பச் செட்டியார் மனமுவந்து விட்டுக் கொடுத்தார். 1955-இல் பாரதியின் படைப்புகள் மக்களின் பொதுச் சொத்தாயின. இன்று நம் கல்லூரி விழாவில் எவர் இசைவும் கேளாமல் பாரதி பாடலைப் பாடுகிறோம் என்றால் அதற்குத் தொடக்கம் அதுவே.

அவர் அமைச்சரவையில் கல்வி அமைச்சராக விளங்கியவர் தி. சு. அவினாசிலிங்கம். அவர் தோற்றுவித்த தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியப் பணி, பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு அந்நாளில் தொடங்கியது. 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த அந்நூல் இன்றும் அறிவியல் மாணவருக்குத் தமிழில் ஒரு துணை.

மதுவிலக்கு

இராசாசி 1937-இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948 அக்டோபர் 2 அன்று மாகாணம் முழுவதும் நடைமுறைக்கு வந்தது. கள், சாராய வருவாய் அரசின் பெரும் வருவாய்களுள் ஒன்று. அதைத் துறந்து ஆட்சி நடத்துவது எளிதன்று. கூலி முழுவதும் கடையில் கரைவதையும் அடுப்பு எரியாத வீட்டையும் சிற்றூரில் கண்டவர்க்கு அந்த இழப்பு பெரிதாகப் படவில்லை போலும். தமிழ்நாட்டில் 1971 வரை மதுவிலக்கு நீடித்தது. எல்லைக்கு இப்பால் நம் பகுதியிலோ அச்சட்டம் இல்லை. ஆகவே அங்கே மூடிய கடைக்கு இங்கே வாடிக்கை பெருகியது. ஓர் ஊர் மட்டும் அடைத்த வெள்ளம் அடுத்த ஊரில் புகும் என்பதற்கு நம் எல்லைப்புறமே சான்றாயிற்று.

மறுபக்கம்

பெரியோர் வரலாற்றை எழுதுவோர் குறைகளை விட்டுவிடுவது வழக்கம். ஓமந்தூராருக்கு அத்தகைய சலுகை தேவையில்லை. கதவுகளைத் திறந்த அவர் ஆட்சி சில கதவுகளை மூடவும் செய்தது. 1948 மார்ச்சில் திராவிடர் கழகத்தின் கருஞ்சட்டைப் படைக்குத் தடை விதிக்கப்பட்டது. அதே ஆண்டில் புலவர் குழந்தையின் இராவண காவியம் தடை செய்யப்பட்டது; 1971 வரை அத்தடை நீங்கவில்லை. அதே ஆண்டில் பள்ளிகளில் இந்தி கட்டாயப் பாடமாக்கப்பட்டது. எதிர்த்துப் போராடிய பெரியாரும் அண்ணாவும் கைதாயினர். 1950-இல் இந்தி மீண்டும் விருப்பப் பாடமாக்கப்பட்டது.

பாரதியின் பாட்டை விடுவித்த அரசே மற்றொரு தமிழ்ப் புலவரின் காவியத்தைப் பூட்டி வைத்தது. வகுப்புரிமைக்காகத் தாடியில்லாத இராமசாமி என்று பழிக்கப்பட்டவர் ஆட்சியிலேயே தாடியுள்ள இராமசாமி சிறைக்குச் சென்றார். இம்முரண்பாட்டை மறைத்தால் வரலாறு ஆகாது. நாட்டுப் பிரிவினையும் காந்தியடிகளின் படுகொலையும் நடந்த கொந்தளிப்பான காலம் அது என்று சமாதானம் சொல்லலாம். ஆயினும் உரிமையை வழங்குவோர்க்கும் மாற்றுக் கருத்தைப் பொறுப்பது அரிதாகவே இருக்கிறது என்பதை இதிலிருந்து நாம் கற்க வேண்டும்.

பதவி நீங்கியது

சிபாரிசுக்கு இணங்காதவருக்கு நண்பர் குறைவர். காங்கிரஸ் சட்டமன்றக் கட்சிக்குள் அதிருப்தி வளர்ந்தது. அவரைத் தலைமைக்குக் கொண்டுவந்த காமராசரின் ஆதரவும் விலகியது. 1949 ஏப்ரல் 6-இல் இராசபாளையம் பூ. ச. குமாரசாமி ராசா அப்பொறுப்பை ஏற்றார். ஓமந்தூரார் தனிக்கட்சி காணவில்லை. பழிக்குப் பழி என்று புறப்படவில்லை. மீண்டும் பதவி தேடி அலையவும் இல்லை. அறுவடை முடிந்த களத்தில் உழவனுக்கு என்ன வேலை? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடப்பான். அவரும் அவ்வாறே நடந்தார்.

வடலூர் வாழ்வு

அவர் சென்ற இடம் வடலூர். நம் ஊரிலிருந்து கடலூர் வழியாகச் செல்லலாம். வள்ளலார் 1867-இல் அங்கே தொடங்கிய சத்திய தருமசாலையில் மூட்டிய அடுப்பு அணையாமல் இன்றும் எரிந்து, வந்தோர்க்கெல்லாம் உணவளித்து வருகிறது. முன்னாள் பிரதம மந்திரி அவ்வூரில் தொண்டராக வாழலானார். சுத்த சன்மார்க்க நிலையத்தை நிறுவினார். வள்ளலார் குருகுலம் என்ற பள்ளியை வளர்த்தார். ஆதரவற்ற பிள்ளைகளுக்கு உணவும் உறைவிடமும் கல்வியும் கிடைக்க ஏற்பாடு செய்தார்.

ஆட்சியில் இருந்தது இரண்டு ஆண்டு. அதன்பின் வாழ்ந்தது இருபத்தோர் ஆண்டு. பதவி போனபின் வாழத் தெரியாமல் வாடுவோர் அரசியலில் மிகுதி. இவருக்கோ பதவி இடையில் வந்த ஒரு வேலை. தொண்டு முழுநாள் வேலை. 1970 ஆகஸ்ட் 25 அன்று தம் எழுபத்தைந்தாம் வயதில் ஓமந்தூரார் மறைந்தார்.

முடிவுரை

ஓமந்தூராரின் வரலாறு நமக்குச் சொல்வது யாது? உழவர் வீட்டில் பிறந்தவனும் நாடாளலாம் என்பது மட்டும் அன்று. அதை இன்று எவரும் மறுப்பதில்லை. நாற்காலியில் அமர்ந்தபின் அவன் யாருக்காகக் கையெழுத்திடுகிறான் என்பதே கேள்வி. வாயிலுக்கு வெளியே நின்றவருக்காகக் கையெழுத்திட்டார் ஓமந்தூரார். எல்லாருக்குமாக அவரால் இயலவில்லை. சிலரிடம் கடுமையாகவும் நடந்தார். ஆயினும் தமக்காக ஒரு முறையும் மதகைத் திருப்பவில்லை.

பட்டம் பெற்று வெளியேறப் போகும் நம்முள் சிலர் அலுவலகங்களில் அமர்வோம்; சிலர் ஆசிரியராவோம்; சிலர் பொதுவாழ்வுக்கும் செல்வோம். சிறிதோ பெரிதோ, ஒரு மதகு நம் கையிலும் வரும். அந்நாளில் கடைமடையில் நிற்பவனை நினைப்போமாயின், அதுவே அவ்வுழவர் பெருமகனுக்கு நாம் செய்யும் நன்றிக்கடன்.